தெரியாத ப்ரோகிராமுக்கு ஒரு தனி அறை



சிம்போசியத்துக்கு முந்தின நாள் ராத்திரி நடந்த கதையோடு ஆரம்பிக்கிறேன். கோடிங் போட்டிக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ஆன்லைன் ஜட்ஜ் கட்டியிருந்தோம். போட்டியாளர் பைத்தானில் நிரல் எழுதி அனுப்புவார். எங்க ஃபிளாஸ்க் சர்வர் அதை ஒரு ஃபைலில் எழுதி, சப்ப்ராசஸ் மூலமா ஓட்டி, விடையைச் சரிபார்த்து மார்க் போடும். ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் செய்த வேலை. சும்மா சோதித்துப் பார்க்க ஒரு செகண்ட் இயர் தம்பிக்கு லிங்க் அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அக்கா, உங்க டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நான் சொல்லட்டுமா?"

சொன்னான். சரியாகவே இருந்தது.

அவன் பெரிய ஹேக்கிங் எதுவும் பண்ணவில்லை. என்விரான்மென்ட் வேரியபிள்களை எல்லாம் பிரின்ட் பண்ணச் சொல்லி இரண்டு வரி எழுதி சப்மிட் கொடுத்திருக்கான். எங்க சர்வரும் சமர்த்தாக அதை ஓட்டி, "உங்கள் விடை" என்ற கட்டத்துக்குள் பாஸ்வேர்டைக் காட்டியிருக்கு. அதே வழியில் மறைத்து வைத்த டெஸ்ட் கேஸ், மார்க் டேபிள், எல்லார் ரிஜிஸ்டர் நம்பரும் எடுத்திருக்கலாம். நல்லவன் என்பதால் போன் பண்ணினான். காலையில் வெளி காலேஜ் மாணவர்கள் வரப்போறாங்க. அத்தனை பேரும் போன் பண்ணுவாங்கன்னு எதிர்பார்க்க முடியுமா?

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் ஆன்லைன் கம்பைலர், ஏஐ ஏஜென்ட், ஆட்டோமேட்டிக் மார்க் போடும் டூல் என்று ஏதாவது செய்யப்போறீங்கன்னா இது உங்களுக்குத்தான்.

முதல் கேள்வி: நிரல் யாருடையது?

சாண்ட்பாக்ஸ் என்பது நம்பிக்கை இல்லாத நிரலை ஓட்டுவதற்கான மூடிய அறை. உள்ளே அது என்ன கூத்தடித்தாலும் வெளியே எதுவும் உடையக்கூடாது. அறைக்குச் சுவர் எவ்வளவு கெட்டியாக இருக்கணும் என்பது, உள்ளே வரப்போகிற நிரலை எழுதினவர் யார் என்பதைப் பொறுத்தது.

நீங்களே எழுதியது என்றால் உங்க லேப்டாப்பே போதும். கிளாஸ் நண்பர்கள் எழுதியது என்றால் தவறுதலாக வரும் முடிவில்லாத லூப்தான் முக்கியமான பயம். முகம் தெரியாதவர் எழுதியது என்றால் வேண்டுமென்றே உடைக்க வருவார் என்றே நினைத்துக்கொள்ளுங்க.

நாலாவது ஒரு வகை இப்போது வந்திருக்கு: ஏஐ எழுதின நிரல். "நான் கேட்டேன், அது எழுதியது, அப்போ அது என் நிரல்தானே" என்று தோன்றும். ஆனால் ஏஐக்குள் போகிற கேள்வியை யார் டைப் பண்றாங்க? உங்க வெப்சைட்டுக்கு வருகிற யார் வேண்டுமானாலும். லாங்செயின் லைப்ரரியின் ஆரம்பப் பதிப்புகளில் கணக்கு போடுவதற்கென்று ஒரு பகுதி இருந்தது. கேள்வியை மாடலிடம் கொடுத்து, அது தரும் பைத்தான் நிரலை அப்படியே ஓட்டிவிடும். கணக்குக்குப் பதிலாக "இந்த நிரலை ஓட்டு" என்று கேள்வியிலேயே எழுதினால், அதுவும் ஓடியது. இது 2023இல் சிவிஇ-2023-29374 என்ற எண்ணில் பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. அதனால் ஏஐ எழுதினதையும் முகம் தெரியாதவர் எழுதினதாகவே வைத்துக்கொள்ளுங்க.

சாண்ட்பாக்ஸே தேவைப்படாத இடம்

பணம் செலவழிக்கும் முன் ஒன்றை யோசிங்க. ஜூனியர்ஸுக்கு பைத்தான் சொல்லிக்கொடுக்க ஒரு வெப்சைட் செய்யறீங்க. அவங்க எழுதறது அவங்களுக்கே ஓடினால் போதும். மார்க் எதுவும் கிடையாது. அப்படியானால் உங்க சர்வரில் ஏன் ஓட்டணும்? பையோடைட் என்ற ப்ராஜெக்ட் 2018இல் மொசில்லாவில் ஆரம்பித்தது. பைத்தானையே வெப்அசெம்ப்ளியாக மாற்றி பிரவுசருக்குள் ஓட வைக்கும். நம்பை, பாண்டாஸ்கூட அதில் வேலை செய்யும். அவங்க நிரல் அவங்க பிரவுசரிலேயே ஓடும். உங்களுக்கு பில்லும் இல்லை, பயமும் இல்லை.

மார்க் போடற இடத்தில் மட்டும் இது ஒத்துவராது. பிரவுசரில் ஓடுவதை அதன் சொந்தக்காரர் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். "எனக்கு 100க்கு 100" என்று அதுவே சொல்லிவிடும். போட்டி, தேர்வு, ஏஜென்ட் இதற்கெல்லாம் சர்வர் பக்கம்தான் போகணும்.

மொழிக்குள்ளேயே பூட்டு போட முடியாதா?

நம்மில் பலருக்கு முதலில் தோன்றும் யோசனை இது. "இம்போர்ட் ஓஎஸ்" என்று இருந்தால் மறுத்துவிடலாம், ஆபத்தான ஃபங்ஷன்களை எல்லாம் எடுத்துவிடலாம் என்று. நாங்களும் அந்த ராத்திரி அரை மணி நேரம் அதைத்தான் பண்ணினோம். தம்பி ஐந்து நிமிஷத்தில் வேறு வழியில் உள்ளே வந்தான். பைத்தானில் ஒரு வெறும் டப்பிளில் இருந்து ஆரம்பித்து அதன் கிளாஸ், அதன் தாய் கிளாஸ், அந்தத் தாயின் மற்ற பிள்ளைகள் என்று ஏறி இறங்கினால், நாம் ஒளித்து வைத்ததை எல்லாம் மறுபடி பிடித்துவிடலாம்.

பெரிய ஆட்களே இதில் தோற்றிருக்காங்க. பைத்தானின் கோர் டெவலப்பர் விக்டர் ஸ்டின்னர் பைசாண்ட்பாக்ஸ் என்று ஒன்றைச் சில வருடம் கட்டிப் பார்த்தார். அதன் அடிப்படை வடிவமைப்பே தவறு என்று 2013இல் அவரே வெளிப்படையாக அறிவித்து நிறுத்தினார். நோட் உலகத்தில் விஎம்2 என்ற லைப்ரரி ரொம்பப் பிரபலம். அடுத்தடுத்து ஓட்டைகள் வந்ததால் 2023 ஜூலையில் அதன் பராமரிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. நோடுடன் வரும் விஎம் மாட்யூலைப் பற்றி அதன் டாகுமென்டேஷனே "இது பாதுகாப்புக்கான கருவி கிடையாது" என்ற எச்சரிக்கையைத்தான் தருகிறது.

ஆக, சுவர் மொழிக்கு வெளியே இருக்கணும்.

நாலு வகைச் சுவர்

ஹாஸ்டலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கெர்னல்தான் மெஸ் சமையலறை என்று வைத்துக்கொள்ளுங்க. ஃபைல் திறக்கணும், மெமரி வேணும், நெட்வொர்க் வேணும் என்றால் எந்த நிரலும் கெர்னலிடம்தான் கேட்கணும். அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் சிஸ்டம் கால்.

வெறும் ப்ராசஸ் என்பது டார்மிட்டரி. எல்லாருக்கும் ஒரே ஹால், உங்க பெட்டி திறந்தே கிடக்கு. நாங்க முதலில் செய்தது இதுதான்.

கன்டெய்னர், அதாவது டாக்கர், தனித்தனி ரூம். லினக்ஸின் நேம்ஸ்பேஸ் ரூமுக்குச் சுவர் வைக்கும். சிகுரூப் ஒருவருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்று அளந்து போடும். ஆனால் எல்லா ரூமுக்கும் சமையலறை ஒன்றுதான். அதில் ஓட்டை இருந்தால் எந்த ரூமில் இருந்தும் ஹாஸ்டல் முழுக்கப் போகலாம். 2016இல் வெளிவந்த டர்ட்டி கவ் அப்படி ஒரு கெர்னல் ஓட்டை. 2019 பிப்ரவரியில் வெளிவந்த இன்னொன்று கெர்னலில்கூட இல்லை, கன்டெய்னரைத் தொடங்கி வைக்கிற ரன்சி என்ற கருவியில் இருந்தது. உள்ளே இருக்கிற நிரல், வெளியே இருக்கிற ரன்சி ஃபைலையே மாற்றி எழுதி, மெஷினில் ரூட் அதிகாரம் பெற முடிந்தது. இரண்டுமே சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் சமையலறை ஒன்றாக இருக்கும் வரை அடுத்த ஓட்டைக்கான பயம் போகாது.

ஜிவைசர் மூன்றாவது வகை. கூகுள் 2018 மே மாதம் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. கோ மொழியில் எழுதப்பட்டது. சமையலறை வாசலில் ஒருவரை நிறுத்தி வைத்த மாதிரி. நிரல் கேட்பதை எல்லாம் அவரே வாங்கி, பெரும்பாலானதைத் தன்னிடமே செய்து கொடுப்பார். உண்மையான கெர்னலிடம் போவது ரொம்பக் குறைவு. இதற்கு ஒரு விலை உண்டு: நிறைய ஃபைல் வேலை செய்கிற நிரல்கள் கொஞ்சம் மெதுவாகும்.

நாலாவது மைக்ரோவிஎம். ஒவ்வொரு ரூமுக்கும் அதற்கே சொந்தமான சின்ன அடுப்படி. அமேசான் 2018 நவம்பரில் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் இதில் பிரபலம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு நிரலுக்கும் தனி கெர்னலோடு ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினைக் கிட்டத்தட்ட 125 மில்லி விநாடியில் எழுப்பிவிடும். ஒரு விஎம்முக்கு அது கூடுதலாக எடுக்கும் மெமரி 5 எம்பிக்கும் குறைவு. விஎம் என்றாலே ஒரு நிமிஷம் பூட் ஆகும் என்று விர்ச்சுவல்பாக்ஸில் பழகின நமக்கு இது ஆச்சரியம்தான். ஏடபிள்யூஎஸ் லாம்டா இதன் மேல்தான் ஓடுது.

முகம் தெரியாதவர் நிரலுக்கு மூன்றாவது, நாலாவது வகைதான் என் சிபாரிசு. கிளாஸ் லேபுக்கு, உள்ளே இழக்க எதுவும் இல்லாத ஒரு மெஷினில், ஒழுங்காகப் பூட்டின டாக்கர் போதும்.

யாரிடம் வாங்குவது?

ஃபயர்கிராக்கரை நாமே அமைக்க கேவிஎம் வசதி வேணும். வாடகைக்கு எடுக்கிற சாதாரண விஎம்களில் பல இடங்களில் அது கிடைக்காது. அதனால்தான் அறையை வாடகைக்கு விடுகிற கிளவுட் சாண்ட்பாக்ஸ் சேவைகள் வந்தன. ஏபிஐயில் ஒரு கால் பண்ணினால் ஒரு அறை திறக்கும். நிரலை அனுப்பி, விடையை வாங்கி, அறையை இடித்துவிடலாம்.

இ2பி: ஏஐ எழுதும் நிரலை ஓட்டுவதற்கென்றே வந்த சேவை. சுவர் ஃபயர்கிராக்கர். பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் எஸ்டிகே இருக்கு.

மோடல்: சுவர் ஜிவைசர். நிரலோடு ஜிபியுவும் தேவைப்படுகிற எம்எல் ப்ராஜெக்டுகளுக்கு வசதி.

வெர்செல் சாண்ட்பாக்ஸ்: சுவர் ஃபயர்கிராக்கர். ஏற்கெனவே நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் வெர்செல் மேல் ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்களுக்கு எளிது.

ஏடபிள்யூஎஸ் லாம்டா: மாதம் 10 லட்சம் அழைப்பு இலவசம் என்பதால் நிறைய பேர் இதைத்தான் முதலில் பார்ப்பாங்க. சுவர் நல்ல சுவர்தான், ஆனால் இரண்டு பள்ளம் இருக்கு. ஒன்று, சாதாரணமாக ஒரே ஃபங்ஷனின் அடுத்தடுத்த அழைப்புகள் அதே அறையை மறுபடி பயன்படுத்தும். முதல் ஆள் டெம்ப் ஃபோல்டரில் விட்டுப்போனதை அடுத்த ஆள் பார்க்கலாம். இரண்டு, அந்த ஃபங்ஷனுக்கான ஏடபிள்யூஎஸ் சாவிகள் என்விரான்மென்ட் வேரியபிளிலேயே இருக்கும். எங்க தம்பியின் இரண்டு வரி அங்கேயும் வேலை செய்யும்.

ஜட்ஜ்0: நாமே சர்வரில் போட்டுக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் ஜட்ஜ். நிறைய மொழிகளோடு தயாராக வரும், போட்டிக்கு ஏற்றது. ஆனால் 1.13.1க்கு முந்தைய பதிப்பைப் போடாதீங்க. 2024இல் அதில் பெரிய ஓட்டைகள் வெளிவந்தன. நிரல் ஓடுகிற ஃபோல்டருக்குள் ஒரு சிம்பாலிக் லிங்க் வைத்துவிட்டால், வெளியே இருந்து அந்த ஃபோல்டரில் எழுத வருகிற ஜட்ஜ்0 அந்த லிங்கைப் பின்தொடர்ந்து, வேறு இடத்தில் இருக்கிற ஃபைலில் எழுதிவிடும். கவனிச்சீங்களா? நிரல் சுவரை உடைக்கவில்லை. வெளியே இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது.

எந்தச் சேவையாக இருந்தாலும் சைன்-அப் பண்ணும் முன் இந்த ஆறு கேள்விக்கும் அவங்க டாகுமென்டேஷனில் பதில் தேடுங்க.

1. சுவர் எது? "செக்யூர்", "ஐசொலேட்டட்" என்ற விளம்பர வார்த்தை போதாது. கன்டெய்னரா, ஜிவைசரா, மைக்ரோவிஎம்மா என்று பெயர் சொல்லியிருக்கணும்.
2. உள்ளிருந்து இன்டர்நெட்டுக்குப் போவதை முழுசாக மூட முடியுமா?
3. அறை எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? தானாக மூடுமா?
4. ஒரே நேரத்தில் எத்தனை அறை திறக்கலாம்? போட்டியின் கடைசி ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் சேர்ந்து சப்மிட் கொடுப்பாங்க, ஞாபகம் வையுங்க.
5. சர்வர் எந்த நாட்டில்? அமெரிக்கா என்றால் ஒவ்வொரு முறை போய் வரவும் கால் விநாடி போலக் கூடும். பத்து டெஸ்ட் கேஸைப் பத்து தடவை அனுப்பாமல் ஒரே கட்டாக அனுப்புங்க.
6. பில்லுக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா? கார்டு கொடுக்காமல் ஆரம்பிக்க முடியுமா?

இலவசத் திட்டங்களில் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கோபப்படாதீங்க. இலவசமாக நிரல் ஓட்ட விடும் இடம் எங்கே இருந்தாலும் கிரிப்டோ மைனிங் ஆட்கள் வந்துவிடுவாங்க. அவங்க தொல்லையால்தான் டாக்கர் ஹப் 2021 ஜூனில் ஆட்டோ பில்ட் வசதியை இலவசக் கணக்குகளில் இருந்து எடுத்தது. உங்க ப்ராஜெக்டையும் அவங்க கண்டுபிடிப்பாங்க. அப்போது பில் உங்க பேருக்கு வரும்.

அமைப்பது எப்படி?

இங்கேதான் நம்மில் பலர் சறுக்கறோம். நல்ல சேவையை எடுத்துவிட்டோம், பாதுகாப்பு முடிந்தது என்று நினைத்துவிடறோம். அவங்க தருவது சுவர் மட்டும்தான். அறைக்குள் என்ன வைக்கிறோம், கதவை எப்போது பூட்டுகிறோம் என்பதெல்லாம் நம்ம வேலை.

படி 1: ஏபிஐ கீ உங்க சர்வரில் மட்டும். அறைக்குள் போகக்கூடாது, ரியாக்ட் ஃப்ரன்ட்எண்டில் இருக்கக்கூடாது, கிட்ஹப்பில் ஏறக்கூடாது. முதல் கமிட்டுக்கு முன்பே என்வ் ஃபைலை கிட்இக்னோரில் போட்டுவிடுங்க.

படி 2: அறைக்குள் ரகசியமே வைக்காதீங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வேண்டாம். மாணவர் பெயர், ரிஜிஸ்டர் நம்பரும் வேண்டாம். ஒரு சப்மிஷன் எண் போதும். முக்கியமாக, சரியான விடையும் உள்ளே போகக்கூடாது. இன்புட்டை மட்டும் அனுப்பி, அவுட்புட்டை வெளியே வாங்கி, உங்க சர்வரில் ஒப்பிடுங்க. விடை ஃபைல் உள்ளே இருந்தால் அதைப் படித்து அப்படியே பிரின்ட் பண்ண ஒரு வரி போதும்.

படி 3: தேவையான லைப்ரரிகளை முன்னாடியே நிறுவுங்க. இ2பியில் டெம்ப்ளேட், மோடலில் இமேஜ் என்று சொல்வாங்க. ஜிசிசி, நம்பை எல்லாம் அதில் போட்டுத் தயார் செய்துவிட்டால், ஓடும் நேரத்தில் பிப் இன்ஸ்டால் தேவைப்படாது. அதனால் அடுத்த படி சாத்தியமாகும்.

படி 4: நெட்வொர்க்கை மூடுங்க. இ2பி, மோடல் இரண்டிலும் அறையில் இருந்து வெளியே போகும் இன்டர்நெட் சாதாரணமாகத் திறந்தே இருக்கும். அறையை உருவாக்கும்போதே அதை மூட ஒரு ஆப்ஷன் உண்டு. நீங்களாகக் கொடுத்தால்தான் மூடும். நெட் இல்லை என்றால் மைனிங் பண்ணவும் முடியாது, அடுத்தவர் வெப்சைட்டைத் தாக்கவும் முடியாது.

கிளவுட் விஎம்மில் நீங்களே டாக்கர் வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். 169.254.169.254 என்ற முகவரியில் அந்த விஎம்மின் தற்காலிகச் சாவிகள் கிடைக்கும். 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரம் திருடுபோனதற்கு வழி இதுதான். தவறாக அமைத்த ஒரு ஃபயர்வால் மூலம் அந்த முகவரியைக் கேட்க வைத்து, சாவியை எடுத்துக்கொண்டாங்க. அதே வருடம் நவம்பரில் அமேசான் இந்த முகவரிக்கு டோக்கன் கேட்கும் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. ஆனால் விஎம்முக்குள் ஓடுகிற நிரல் டோக்கனையும் தானே கேட்டு வாங்கிவிடலாம். அதனால் நெட்வொர்க்கை மூடுவதே நல்லது.

டாக்கர்காரர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல்: நெட்வொர்க் "நன்", மெமரி வரம்பு, ப்ராசஸ் எண்ணிக்கை வரம்பு, ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி, கேபபிலிட்டி எல்லாம் டிராப், ரூட் அல்லாத யூசர். டாக்கர் சாக்கெட்டை மட்டும் உள்ளே மவுன்ட் பண்ணிடாதீங்க. அது ஹாஸ்டலின் மாஸ்டர் சாவியை ரூமில் வைப்பது மாதிரி. முடிந்தால் ஜிவைசரின் ரன்எஸ்சியை நிறுவி, டாக்கருக்கு அதையே ரன்டைமாகக் கொடுங்க. அதற்கு கேவிஎம் கட்டாயம் இல்லை.

படி 5: நேரத்துக்கு இரண்டு வரம்பு. சிபியு நேரத்தை மட்டும் அளந்தால், "ஒரு மணி நேரம் தூங்கு" என்று எழுதிய நிரல் தப்பிவிடும். தூங்கும்போது சிபியு செலவே ஆகாது. அதனால் கடிகார நேரத்துக்கும் வரம்பு வேணும்.

படி 6: அவுட்புட்டுக்கு வரம்பு. இதை முக்கால்வாசி பேர் மறந்துடுவாங்க. முடிவில்லாமல் பிரின்ட் பண்ணுகிற நிரல் அறைக்குள் இருக்கலாம். ஆனால் அந்த அவுட்புட் வந்து நிரம்புவது உங்க சர்வரின் மெமரியில். ஒரு எம்பி தாண்டினால் வாங்குவதை நிறுத்திவிடுங்க. வந்ததையும் அப்படியே வெப் பக்கத்தில் காட்டாதீங்க. அதில் ஸ்கிரிப்ட் டேக் இருந்தால் பார்ப்பவர் பிரவுசரில் ஓடிவிடும். எஸ்கேப் பண்ணிவிட்டுக் காட்டுங்க.

படி 7: ஒரு சப்மிஷனுக்கு ஒரு அறை, வேலை முடிந்ததும் இடித்துவிடுங்க. இதில் பணமும் இருக்கு. 100 பேர் ஆளுக்கு 20 தடவை சப்மிட் பண்றாங்க, ஒன்றுக்கு 5 விநாடி ஆகுதுன்னு வையுங்க. மொத்தம் 10,000 விநாடி, மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இடிக்க மறந்துவிட்டால்? இ2பியிலும் மோடலிலும் நீங்க எதுவும் சொல்லாவிட்டால் அறை 5 நிமிஷம் உயிரோடு இருக்கும். 2,000 சப்மிஷன், ஒன்றுக்கு 300 விநாடி. மொத்தம் 6 லட்சம் விநாடி, அதாவது கிட்டத்தட்ட 167 மணி நேரம். ஒரு வரி மறந்ததற்கு 60 மடங்கு பில். அந்த வரியைப் பைத்தானின் ஃபைனலி பகுதியில் எழுதுங்க. நடுவில் எரர் வந்தாலும் அறை இடிந்துவிடும்.

திறக்கும் முன் ஆறு குறும்பு நிரல்கள்

லிங்கை யாருக்கும் அனுப்பும் முன், இந்த ஆறையும் நீங்களே எழுதி, உங்க சொந்த சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பாருங்க. சொந்தமானதில் மட்டும்! அடுத்தவர் சிஸ்டத்தில் அனுமதி இல்லாமல் முயற்சி செய்வது ஐடி சட்டப்படி குற்றம்.

ஒன்று: எல்லா என்விரான்மென்ட் வேரியபிளையும் பிரின்ட் பண்ணும் நிரல். உங்களுடைய எந்தச் சாவியும் தெரியக்கூடாது.

இரண்டு: முடிவில்லாத லூப். கூடவே, ஒரு மணி நேரம் தூங்கும் நிரல். இரண்டும் நீங்க சொன்ன விநாடியில் சாகணும்.

மூன்று: தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டே போகும் ஃபோர்க் பாம். அறை செத்தாலும் உங்க சர்வர் அசையக்கூடாது.

நாலு: மெமரியை விழுங்கும் நிரல், டிஸ்க்கை நிரப்பும் நிரல், நிறுத்தாமல் பிரின்ட் பண்ணும் நிரல். வரம்பைத் தொட்டதும் மரியாதையான எரர் மெசேஜ் வரணும்.

ஐந்து: ஏதாவது ஒரு வெப்சைட்டையும், மேலே சொன்ன 169.254.169.254ஐயும் தொடும் நிரல். இரண்டும் தோற்கணும்.

ஆறு: டெம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைல் எழுதும் நிரல். அடுத்த சப்மிஷனில் அதே ஃபைலைத் தேடுங்க. கிடைத்தால் அறை சுத்தமாக இடியவில்லை என்று அர்த்தம்.

இந்த ஆறையும் ஒரு டெஸ்ட் ஃபைலாகவே ரெப்போவில் வைத்துவிடுங்க. ஏதாவது மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓடட்டும். வைவாவில் "செக்யூரிட்டிக்கு என்ன பண்ணியிருக்கீங்க?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால், "டாக்கர் போட்டிருக்கோம் சார்" என்பதைவிட அந்த ரிசல்ட் ஸ்கிரீனைக் காட்டுவது நல்ல பதில்.

அந்த ராத்திரி என்ன ஆச்சு?

புது சேவை எடுத்து எல்லாம் மாற்ற நேரம் இல்லை. மணி இரண்டு ஆகியிருந்தது. முதலில் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம். பிறகு காலியான ஒரு விஎம்மை வாடகைக்கு எடுத்தோம். அதில் டேட்டாபேஸ் இல்லை, மார்க் இல்லை, விடை இல்லை. டாக்கர் மட்டும், நெட்வொர்க் மூடி, மெமரியையும் நேரத்தையும் கட்டி வைத்து. உடைத்து வெளியே வந்தாலும் அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. பழைய சர்வர் இன்புட்டை அங்கே அனுப்பி, அவுட்புட்டை வாங்கி, தானே ஒப்பிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு, தம்பி தன் இரண்டு வரியை மறுபடி அனுப்பினான். வந்த பட்டியலில் எங்க சாவி ஒன்றுகூட இல்லை.

"அக்கா, ஒண்ணுமே இல்லையே" என்று சலித்துக்கொண்டான். அந்த வருடம் எனக்குக் கிடைத்த நல்ல பாராட்டு அதுதான்.

போட்டி நல்லபடியாக நடந்தது. செமஸ்டர் லீவில் பொறுமையாக உட்கார்ந்து மைக்ரோவிஎம் சேவைக்கு மாற்றினோம். தம்பி இப்போது எங்க டீமில் இருக்கான். உடைத்துப் பார்ப்பதுதான் அவன் வேலை.

உங்க ப்ராஜெக்டில் எங்கேயாவது யாரோ எழுதின நிரலை ஓட்டுகிற ஒரு வரி இருக்குதா? இன்றைக்கு ராத்திரியே அந்த இரண்டு வரியை அதில் அனுப்பிப் பாருங்க. திரையில் என்ன வருதுன்னு மற்றவர்களுக்கு முன்னாடி நீங்க பார்த்துவிடுவது நல்லது.